மறதிக்குத் திரைக்கதை எழுதியவள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "படத்துல வர்ற மாதிரியே எல்லாம் மறந்து போச்சுங்களா?" அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்பத் திரும்ப வருமாம்?"

திரும்ப வராது என்று சொன்னால் அவர்கள் முகம் சுருங்கிவிடும். ஏதாவது ஒரு நாள் தலையில் இடித்துக்கொண்டோ, பழைய பாட்டு ஒன்றைக் கேட்டோ சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்து நான் கண்ணீர் விடுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் வாழ்க்கையில் எழுதிய ஒரே படத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

எனக்கு ராசிபுரம். கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது தொழில். வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு திரை. கணவர் சிவகுமார் நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில் வேலை பார்க்கிறார். என்னோடு கல்லூரியில் படித்த குணா, குறும்படங்களாக எடுத்துக்கொண்டிருந்தவன், ஒரு முழுப்படம் செய்யலாம் என்று வந்து நின்றான். கதை என்னுடையது, எடிட்டிங்கும் நானே, இயக்கம் அவன். அப்படித்தான் பேச்சு.

கதை இதுதான். ஒரு ஜவ்வரிசி ஆலையின் முதலாளியம்மா. அவள் கணவனைக் கொழுந்தன் கொன்றுவிடுகிறான். அதைப் பார்த்துவிட்ட அவளையும் மாடியிலிருந்து தள்ளுகிறான். அவள் பிழைத்துக்கொள்கிறாள், நினைவு மட்டும் போய்விடுகிறது. கொழுந்தனே அவளை வீட்டில் வைத்துச் சோறூட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்கிறான். ஊரே அவனைப் புகழ்கிறது. அவளும் நம்புகிறாள். ஒரு நாள் ஆலைக்குள் நுழையும்போது ஈர மரவள்ளிக்கிழங்கு மாவின் புளித்த வாசனை மூக்கில் ஏறுகிறது. ஒரே நொடியில் எல்லாம் திரும்புகிறது. பிறகு அவள் அவனை மாவுப்பால் தொட்டியில் தள்ளிக் கொல்கிறாள். இதை எழுதியபோது நான் பெரிய சைக்காலஜி நிபுணர் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் ஒரு வாசனையில்தான் ஆரம்பித்தது. காய்ச்சல் இரண்டு மூன்று நாளாக இருந்ததாம், மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்த்தேனாம். இந்த "ஆம்" என்பதைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இனி வருவதில் முக்கால்வாசி எனக்குப் பிறர் சொன்னது. நானும் குணாவும் எடிட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது, ஏதோ கருகுது, அடுப்பைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். அடுப்பில் எதுவும் இல்லை. அப்புறம் குணாவை என் அண்ணன் பெயரால் கூப்பிட்டேனாம். அவன் சிரித்திருக்கிறான். அடுத்த நிமிடம் நாற்காலியிலிருந்து சரிந்து வலிப்பு வந்திருக்கிறது. என்னைத் தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு சேலத்துக்கு ஓட்டியவன் குணாதான். என் கணவருக்குப் போன் செய்து நேராக அங்கே வரச் சொன்னவனும் அவன்தான்.

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முதலில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றி ஓடுகிற நீர்தான் முதுகுத்தண்டிலும் ஓடுகிறதாம், அதில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. நான் ஒத்துழைக்கவில்லை, நர்ஸைக் கடிக்கப் போனேன் என்று இவர் சொல்கிறார். இதை மட்டும் ஏன் சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்று தெரியவில்லை.

மறுநாள் டாக்டரம்மா இவரையும் என் அண்ணனையும் கூப்பிட்டு விளக்கினார். மூளைக்காய்ச்சல். காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதே வைரஸ்தான், லட்சத்தில் யாருக்கோ மூளைக்குள் போய்விடுகிறது. போனால் அது தேடிப் போகிற இடம் காதுக்கு மேலே, உள்பக்கம். வாசனையை அறிகிற இடமும் ஞாபகங்களைப் பதிந்து வைக்கிற இடமும் அங்கே அக்கம்பக்கம். அதனால்தான் இல்லாத கருகல் வாசனை. "சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்க, உயிருக்குப் பயமில்ல. ஞாபகம் எவ்வளவு போச்சுங்கறத அவங்க தெளிஞ்சப்பறம்தான் பார்க்கணும்" என்றாராம்.

தெளிந்தேன். அதன் பிறகுதான் எரிச்சல் ஆரம்பம்.

காலையில் டாக்டரம்மா வந்து மூன்று கேள்வி கேட்பார். பேர் என்ன, இது எந்த ஊர், என்ன மாசம். பேரும் ஊரும் சரியாகச் சொல்லிவிடுவேன். மாசத்துக்கு மட்டும் தை என்பேன். அவர் அதையும் சீட்டில் எழுதிக்கொள்வார். அந்த எழுதுகிற கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருக்கும். வெளியே ஆடித் திருவிழா மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக மஞ்சள் புடவைகள் போய்க்கொண்டிருந்தன. தை மாசத்தில் எதற்கு மேளம் என்று நர்ஸிடம் சண்டை போட்டேன். எனக்குக் கடைசியாக ஞாபகம் இருந்தது பொங்கல். வாசலில் கோலம் போட்டுக்கொண்டு, குணாவோடு போனில் படப்பிடிப்பைப் பற்றிப் பேசியது. அதற்கப்புறம் ஆறு மாசம் இல்லை. மறந்துபோன மாதிரிகூட இல்லை, வாழவே இல்லாத மாதிரி.

அந்த ஆறு மாசத்துக்குள்தான் எங்கள் படப்பிடிப்பு முழுவதும் நடந்திருந்தது.

குணா தன் போனில் எடுத்த வீடியோக்களை இவர் எனக்குக் காட்டினார். ஜவ்வரிசி காயவைக்கிற களத்தில், வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நான் யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்ததில் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறேன். எதற்கு என்று கேட்டேன். "தெரியலியே மேகலா, நான் அங்க இல்லீல்ல" என்றார் இவர். பத்து வருஷமாக மற்றவர்கள் வீட்டுக் கல்யாணத்தை எடிட் செய்கிறேன். முகம் தெரியாத சனங்கள் சிரிப்பதை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். இதையும் அப்படித்தான் பார்த்தேன்.

மருந்து நரம்பு வழியாக, தினமும் மூன்று வேளை, மூன்று வாரத்துக்கு. சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து என்பதால் கூடவே பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரும் ஏற்றினார்கள். அடிக்கடி ரத்தம் எடுத்து சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்த்தார்கள். ஊசி குத்திய இடமெல்லாம் தடித்துச் சிவந்து, கை மாற்றி, மணிக்கட்டு மாற்றி, கடைசியில் குத்த இடம் தேடினார்கள். இதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடியது. தாங்க முடியாதது, காலையில் கேட்ட பதில் மதியத்துக்குள் போய்விடுவது. பாப்பா எங்கே என்பேன். மகள் என் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்பார் இவர். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாப்பா எங்கே என்பேன். ஒரு தடவைகூட "இப்பத்தானே சொன்னேன்" என்று அவர் சொன்னதில்லை. அந்தப் பொறுமையும் சில நேரம் எரிச்சலாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் இது முதல் தடவையா, பதினைந்தாவது தடவையா என்று கண்டுபிடிக்க முடியாது.

என் அண்ணன் பழனிசாமிக்குத் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. வேலையை விட்டுவிட்டு நாள் தவறாமல் வந்தான். அண்ணி கொடுத்தனுப்பிய ரசம் சாதத்தை அவனே பிசைந்து ஊட்டுவான். "ஒரு வாயி, ஒரே ஒரு வாயி, அம்மிணி" என்பான். அவ்வளவு பெரிய கையில் அவ்வளவு சின்ன உருண்டை. வார்டே எங்களைப் பார்க்கும்.

அவனிடம்தான் அதைச் சொன்னேன்.

எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஆறு மாசம் இருண்டு கிடந்ததால், இது ஒன்று மட்டும் வெளிச்சமாகத் தெரிந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குணா என் கட்டில் அருகே வந்து நிற்கிறான். நீலச் சட்டை. என் கைப்பையைத் திறந்து, படம் முழுவதும் இருக்கிற ஹார்டு டிஸ்கை எடுக்கிறான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, குனிந்து என் தலையைத் தடவி, "தூங்கு. காலைல உனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது" என்று சொல்கிறான்.

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான். "நெசமாலுமா அம்மிணி?"

"என்ற கண்ணால பாத்தேண்ணா."

"சரி. நீ படு" என்றான். அவ்வளவுதான். கிளம்பிப் போய்விட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து இவர் டீ வாங்கிக்கொண்டு வந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், குணா சொன்னதாக நான் சொன்ன இடம் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது கொழுந்தன்காரன் சொல்றதாச்சே மேகலா."

"எந்தக் கொழுந்தன்?"

"உன்ற படத்துல. மாத்திரை குடுத்துப்போட்டு அவ தலையத் தடவிச் சொல்லுவானே. ரெண்டு மாசமா முன்னறைல அதையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கிட்டு இருந்த. எனக்கே மனப்பாடம். நீலச் சட்டையும் அவனோடதுதான்."

பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி இருந்தது. போன் செய்து முன்னறையைப் பார்க்கச் சொன்னார். ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்தது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் எடுக்கவில்லை. குணாவுக்குப் போட்டார். அவனும் எடுக்கவில்லை.

அதற்குள் அண்ணன் நாமக்கல்லில் குணாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். மாடிப்படியில் வைத்துச் சட்டையைப் பிடித்திருக்கிறான். குணாவுக்கு எதற்கென்றே தெரியவில்லை. "என்ன டிஸ்கு, என்ன டிஸ்கு" என்று கேட்டுக்கொண்டே படியில் உருண்டிருக்கிறான். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப்போட்ட ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டதற்கு, வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறான்.

டாக்டரம்மா இதற்கு ஒரு பெயர் சொன்னார். கான்ஃபாபுலேஷன். ஞாபகத்தில் ஓட்டை விழுந்தால் மூளை அதை ஓட்டையாகவே விட்டுவைக்காதாம். கைக்குக் கிடைத்ததைப் போட்டு அடைத்துவிடும். பழைய பேச்சு, கேட்ட கதை, பார்த்த படம், எது கிடைத்தாலும். அடைத்தது மூளைதான் என்பது நமக்கே தெரியாது. "இவங்க பொய் சொல்லல. இவங்களுக்கு அது நெஜம்" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே, "என்ற தங்கச்சி சொன்னாளுங்க, நான் போனேனுங்க" என்றான். இதைப் பற்றி அதற்குமேல் அவனிடமிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை வரவில்லை.

இவ்வளவையும் நான் விவரமாக எழுதுகிறேன் அல்லவா, அப்போது இது என் தலையில் நிற்கவில்லை. குணாவின் கை உடைந்ததை இவர் என்னிடம் சொன்னார். அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். தூங்கி எழுந்து, குணா ஏன் என்னைப் பார்க்க வரவில்லை என்று கேட்டேன். மறுபடி சொன்னார். மறுபடி அழுதேன், முதல் தடவை கேட்பது போலவே. மூன்றாவது தடவை கேட்டபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஊருக்குப் போயிருக்கான்" என்றார். அந்தப் பொய்க்காக அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டாவது தடவையே அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேன் என்பதும் உண்டு.

வீட்டுக்கு வந்தபின் புதிதாக நடப்பவை மெல்ல நிற்க ஆரம்பித்தன. காலையில் வைத்த குழம்பு மாலையில் ஞாபகம் இருந்தது. நான் அதை இவரிடம் சொல்லிச் சொல்லி அலுக்க வைத்தேன். தொலைந்த ஆறு மாசம் மட்டும் வரவேயில்லை. ஒரு தடவை இவரைக் கூட்டிக்கொண்டு, நாங்கள் படம் எடுத்த ஜவ்வரிசி ஆலைக்கே போனேன். தொட்டி ஓரமாக நின்று, புளித்த மாவு வாசனையை நெஞ்சு நிறைய இழுத்தேன். தும்மல்தான் வந்தது. "என்னுங்கம்மா, சேரலீங்களா?" என்று ஆலைக்காரர் கேட்டார். முன்பு வந்தபோது நான் தும்மவில்லையாம். அதையும் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் படத்துக்குப் பணம் போட்டவர் அவசரப்படுத்த, குணா தன்னிடமிருந்த பிரதியை வைத்து வேறு ஒரு எடிட்டரோடு உட்கார்ந்து முடித்துவிட்டான். பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினான். பார்த்தேன். கடைசியில் கொலையைக் காணோம். நினைவு திரும்பியதும் நாயகி தொட்டி ஓரத்தில் கொழுந்தனைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள், பிறகு ஆலையைவிட்டு நடந்து போகிறாள். முடிந்தது.

போன் செய்தேன். நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

"குணா, கொலை எங்க?"

"நீதான வேண்டாம்னு சொன்ன. ரெண்டு விதமாவும் எடுத்தோம். ஷூட்டிங் முடிஞ்சு வர்றப்ப புதுச்சத்திரத்துல டீக்கடைல உக்காந்து பேசுனோம். எடிட்ல எடுத்துரலாம்னு ஒத்துக்கிட்ட."

"நானா?"

"வேற யாரு? உனக்கு ஞாபகம் இருக்காது."

அவனும் நானும் மட்டும் இருந்த பேச்சு. அதற்கு இருந்த இரண்டு சாட்சிகளில் ஒன்று அழிந்துவிட்டது. மிச்சமிருக்கிற சாட்சி அவன். அந்தக் கொலைக் காட்சியை மூன்று மாசம் எழுதியவள் நான். எப்படி ஒத்துக்கொண்டிருப்பேன்? ஆனால் ஆறு மாசத்தில் நான் எப்படி ஆகியிருந்தேன் என்று எனக்கென்ன தெரியும்? சண்டை போடவும் வழியில்லை. அவன் என் உயிரைக் காப்பாற்றியவன். பதிலுக்கு என் பேச்சைக் கேட்டு அவன் கையை ஒடித்திருக்கிறார்கள். சரி என்று போனை வைத்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் வீட்டில் பாத்திரம் பண்டமெல்லாம் என்னிடம் அடி வாங்கின.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குணா வீட்டுக்கு வந்தான். இவர் அவனை உட்காரவைத்துவிட்டு டீ போடப் போனார். அவன் கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

"உனக்கு ஞாபகம் இல்ல, மேகலா. நீ தப்பிச்சுக்கிட்ட. எனக்கு ஒவ்வொரு படியும் ஞாபகம் இருக்குது. உங்கண்ணன் மூஞ்சி ஞாபகம் இருக்குது. எங்கம்மா கத்துனது ஞாபகம் இருக்குது."

இவர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக்கே திரும்பிப் போனார். அவன் ஒரு மிடறு டீ குடித்தான்.

"போலீசுக்குப் போயிருக்கலாம். போகத் தோணல. ஆனா சும்மா உடவும் மனசில்ல. அதான் அப்புடிச் சொன்னேன்."

"எதச் சொன்ன?"

"புதுச்சத்திரத்துல நீ ஒத்துக்கலெ." அவன் என்னைப் பார்க்கவில்லை. "படத்தப் பாத்துப்போட்டு நீ போன்ல கூப்புட்ட. ஒரு நொடி தோணுச்சு. இவளுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே, என்ன சொன்னாலும் நம்பித்தான ஆகோணும்னு. என்ற கையொடச்சீங்க, உன்ற க்ளைமாக்ஸ நான் ஒடச்சேன். சொல்லிப்போட்டனே தவிர அன்னீலருந்து சோறு எறங்கலெ."

சமையலறை வாசலில் நின்ற இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்துவேன் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஒத்துக்கலீன்னா, பின்ன அங்க என்ன நடந்துச்சு?"

"என்ன நடந்துச்சா? ரெண்டு டீ, ஒரு தட்டு போண்டா, அப்புறம் சண்டை. டேபிளத் தட்டித் தட்டிப் பேசுன. டீக்கடைக்காரரு வந்து, அம்மிணி, டம்ளரு ஒடைஞ்சுரப் போகுதுங்கன்னாரு. அவருகிட்டயும் கதையச் சொல்லி, அவ கொல்லோணுமா வேண்டாமா நீங்களே சொல்லுங்கன்ன. அவரு பாவம், ரெண்டு பேரும் நல்லா இருங்கன்னு சொல்லிப்போட்டு உள்ள போயிட்டாரு."

"நான் என்ன சொல்லி வாதாடுனேன்?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லு. ஒண்ணு உடாமச் சொல்லு."

சொன்னான். நடந்து போற பொம்பளைக்கு டிக்கெட் வாங்கிட்டு எவனும் வரமாட்டான் என்றேனாம். உனக்குத் தைரியம் இல்லேன்னா கேமராவ எங்கிட்டக் குடு என்றேனாம். பஸ் ஏறிய பிறகும் விடாமல், ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "அவ கொல்லுவா" என்று சத்தம் போட்டேனாம். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

கேட்கக் கேட்க எனக்குள் ஏதோ இளகியது. ஆடியிலிருந்து ஆளாளுக்கு என்னைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிரித்தாயாம், அழுதாயாம், கடிக்க வந்தாயாம். எல்லாம் யாரோ ஒருத்தி. இந்தப் பஸ் ஜன்னலில் தலையை நீட்டியவள் மட்டும் யாரோ இல்லை. ஞாபகம் வரவில்லை, ஒரு துளிகூட வரவில்லை. ஆனால் அவளை எனக்குத் தெரியும்.

நான் சிரித்துவிட்டேன். குணா பயந்துபோய் இவரைப் பார்த்தான்.

"கொலை போனது போகட்டும்" என்றேன். "அதுல நீ சொன்னதுதான் சரி, ஞாபகத்த நம்பி ஒருத்தன அடிச்சா என்ன ஆகும்னு உன்ற கையே சொல்லுது. ஆனா அந்த வாசனை வந்து எல்லாம் ஞாபகம் வர்றதா நான் எழுதினனே, அதத் தூக்கு. அது சுத்தப் பொய்."

"அதத் தூக்குனா படமே இல்லயே. இவன்தான் கொன்னான்னு அவளுக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியாது. தெரியாமயே அவ முடிவெடுக்கோணும்."

"யாரு உக்காந்து பாப்பாங்க அத?"

"நீ எடுக்கற மாதிரி எடுத்தா யாரும் பாக்கமாட்டாங்க."

அவன் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். நான் முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தோம். இவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் இன்னொரு டீ போடப் போனார்.